பூட்டிய காம்பிராவும் ஒரு பெயரும்

கேள்வி: இணைய உலாவியைத் தானாக இயக்கிச் சோதிக்கும் செலீனியம் என்ற திறமூல மென்பொருளுக்குச் சோதனை நிரல் எழுதித் தரலாம் என்று கிட்ஹப்பில் கணக்குத் திறக்கப் போனால், என் பெயரை யாரோ முன்னமே பிடித்துவிட்டார். உள்ளே ஒரு வரி நிரல்கூட இல்லை. கேட்டால் தருவார்களா?
– ஒரு வாசகர், தலவாக்கலை

பதில்: தரமாட்டார்கள். கொழும்புக்கு வேலைக்குப் போனவர் பூட்டிவைத்த லயக் காம்பிரா அது; ஆளைக் காணோம் என்று பூட்டை உடைக்க முடியுமா? கிட்ஹப்பில் முந்தியவருக்கே பெயர். சும்மா பிடித்துவைப்பது விதிக்கு மாறுதான். ஆனால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் அவர் ராப்பகலாக உழைக்கிறாரோ என்னவோ! எண்ணோ இடைக்கோடோ சேர்த்து வேறு பெயர் பாருங்கள் என்பதே அவர்கள் தரும் ஆறுதல். காசுக்கு வாங்கலாமா என்று யோசிக்க வேண்டாம், அதுவும் தடை. வர்த்தகச் சின்னம் என்றால் வாதாடலாம். உங்களுடையது அப்பா வைத்த பெயர்.

எந்தப் பெயர் கிடைத்தாலும் கமிட்டில் (நிரல் மாற்றப் பதிவில்) மின்னஞ்சலைச் சரியாகப் போடுங்கள், பங்களிப்பு உங்கள் கணக்கில் சேர்வது அதை வைத்துத்தான். பிழையைத் திருத்தினால் அதைப் பிடிக்கும் சோதனையையும் கூடவே அனுப்புங்கள். பரிசீலிப்பவர் பெயரைப் பார்க்கமாட்டார், சோதனை பச்சையா சிவப்பா என்றுதான் பார்ப்பார்.

செலீனியம் பிறந்த 2004இன் கடைசியில் சுனாமி வந்தது. உடனே இலங்கையர்கள் நிவாரணப் பணிக்காகத் திறமூலமாக 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். அதற்குக் கிட்ஹப்பில் பெயர் எதுவும் தேவைப்படவில்லை; கிட்ஹப் வந்ததே 2008இல்தான்!