சேப்டி சார் வர்றார்

ஷாப் ஃப்ளோரில் அவர் கால் வைப்பதற்கு முன்பே அவர் வரும் செய்தி வந்துவிடும். யாராவது ஒரு ஃபிட்டர் குழாயில் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவார். அதுவரை டிபன் பாக்சுக்கு மூடியாகக் கிடந்த ஹெல்மெட்டுகள் தலைக்கு ஏறும். கழுத்தில் தொங்கிய கண்ணாடி மூக்குக்கு வரும். சேப்டி சார் ஒரு சுற்று சுற்றி, எல்லாருக்கும் டிக் அடித்துவிட்டுத் திருப்தியோடு போவார். அவர் முதுகு மறைந்ததும் டிபன் பாக்சுக்கு மூடி திரும்பக் கிடைத்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், ராணிப்பேட்டை என எந்தப் பக்கம் போனாலும் இவரைப் பார்க்கலாம். ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைக்குப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தில் 1976-இல் 40-பி என்றொரு பிரிவைச் சேர்த்தார்கள். அந்த ஆயிரம் பேரிடம் எப்படிப் பேசுவது என்று ஓர் உட்பிரிவு சேர்த்திருக்கலாம். விட்டுவிட்டார்கள்.

அதனால் சார் பேசுவதில்லை; கூப்பிடுவார். "ஏய் வெல்டர்!" வெல்டருக்கு வயது ஐம்பத்தைந்து, சாருக்கு இருபத்தேழு. பெயர் தெரியாது, டோக்கன் நம்பர் தெரியும். அவருடைய ஆயுதம் செல்போன். பெல்ட் மாட்டாமல் ஏணி உச்சியில் ஒருவர் தொங்கிக்கொண்டிருப்பார். "இறங்குப்பா" என்று சொல்வதற்கு முன் சார் ஃபோகஸ் சரிபார்த்துக்கொண்டிருப்பார். ஆள் தரையைத் தொடுவதற்குள் படம் வாட்ஸ்அப்பில் பிளான்ட் ஹெட்டைத் தொட்டிருக்கும்.

கேட் வாசலில் ஒரு போர்டு உண்டு: 'விபத்தில்லாத நாட்கள்'. எண் ஏற ஏற சாரின் நெஞ்சு நிமிரும். எண் எப்படி ஏறுகிறது என்று அவர் கேட்டதில்லை. ஷிஃப்டில் ஒருவருக்கு விரல் நசுங்கினால், "போர்டைக் கெடுத்துடாதேப்பா" என்று சூப்பர்வைசர் காதோடு சொல்வார். அவரும் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வெளி கிளினிக்குக்குப் போய், வீட்டுக் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்பார். அந்த ஊர் டாக்டர் அந்த வட்டாரத்துக் கதவுகளைப் பற்றி என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறாரோ!

போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயகரமான ஆலைகளில், ஆபத்து வரும்போல் இருக்கிறது என்று தோன்றினால் தொழிலாளியே நேராக எச்சரிக்கலாம் என்று உரிமை தந்தார்கள். அந்த உரிமையோடு நம் சாரிடம் போய்ப் பாருங்கள். முதலில் உங்கள் ஷூ லேஸைத்தான் பார்ப்பார்.

இதே இனத்தில் இன்னொரு ரகமும் உண்டு, அபூர்வம். இவர் நைட் ஷிஃப்டில் வருவார், டீ நேரத்தில். பிரஸ் மெஷினில் கை உள்ளே போகாமல் தடுக்கும் கார்டு கழற்றி வைக்கப்பட்டிருக்கும். மெஷினை நிறுத்தச் சொல்வார். போனை எடுக்கமாட்டார், மெமோவும் எழுதமாட்டார்.

"ஏண்ணே கழட்டிட்டீங்க?"

"மாட்டினா உள்ளே ஜாப் தெரியலை சார். இருட்டா இருக்கு. கார்டு இல்லாட்டி விரல் போகும், இருந்தா டார்கெட் போகும்."

"லைட் போட்டா?"

"லைட் கேட்டு ஆறு மாசம் ஆச்சு சார்."

மறுநாள் மெயின்டனன்ஸ்காரரோடு சண்டை போட்டு ஒரு எல்இடி விளக்கை மாட்டவைத்தார். கார்டு தானாக ஏறியது. அதற்கடுத்த வாரம் அதே அண்ணன் தாமாக வந்து, "சார், கிரேன் கொக்கியில லேசா ஒரு விரிசல் மாதிரி தெரியுது, வந்து பாருங்க" என்றார். விளக்கின் விலை சில நூறு ரூபாய். கொக்கி அறுந்திருந்தால் என்ன விலை என்று கணக்குப் போட வேண்டிய அவசியம் வரவில்லை.

இப்படி மயிரிழையில் தப்பியவற்றை எழுத ஒரு 'நியர் மிஸ்' நோட்டு உண்டு. ஏணி சாரின் நோட்டு கடையில் வாங்கியபடியே இருக்கிறது. விளக்கு சாரின் நோட்டில் பக்கம் போதவில்லை. "உங்க பிளான்ட்ல மட்டும் ஏன் சார் இவ்வளவு பிரச்சினை?" என்று தலைமை அலுவலகம் அவரைத்தான் குடைகிறது.

மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாள். கோப்பையும் சால்வையும் வழக்கம்போல ஏணி சாருக்குத்தான் போகும். என் வீட்டுப் பையன் வேலைக்குப் போவதென்றால் விளக்கு சாரின் ஆலைக்குத்தான் அனுப்புவேன்.