காற்றடித்தால் பறவைக்கு, அடிக்காவிட்டால் உங்களுக்கு

கே: தெருவிலேயே காக்கை பறக்கிறதே, காசு கொடுத்துக் கடலுக்குள் போய்ப் பறவை பார்க்க வேண்டுமா? (திருச்சி வாசகர்)

ப: உங்கள் தெருக் காக்கை மூன்றரை மீட்டர் வரை இறக்கை விரிக்குமென்றால் வேண்டாம். வாண்டரிங் ஆல்பட்ராஸ் விரிக்கும். முட்டையிடவும் குஞ்சு வளர்க்கவும்தான் அது தரையைத் தொடும்.

கே: அதிக தூரம் போகாமல் பார்க்க வழி உண்டா?

ப: நியூசிலாந்து வரை போக முடிந்தால் உண்டு. அங்கே தென்தீவில் கைகோரா என்று ஒரு கடற்கரை ஊர். கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்பதால், சில கிலோமீட்டரிலேயே ஆழம் ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடும். ஆழ்கடல் பறவைகளும் அதனால் பக்கத்திலேயே கிடைக்கின்றன.

கே: அத்தனை பெரிய கடலில் பறவையை எப்படித் தேடுவது?

ப: நாம் எங்கே தேடுகிறோம்? உறைய வைத்த மீன் ஈரலை வலைக்கூட்டில் அடைத்துப் படகுக்குப் பின்னால் மிதக்க விடுவார்கள். நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் நாற்றம், குழல் மூக்குள்ள இந்தப் பறவைகளுக்கு அழைப்பிதழ். கறுப்பு வெள்ளைக் கேப் பெட்ரல்கள் முந்திக்கொள்ளும். பிறகு ஜயன்ட் பெட்ரல் வந்து, இறக்கையை விரித்து வாலைத் தூக்கி, மொத்த ஈரலும் தன் பூர்வீகச் சொத்து என்பதுபோல் மற்றவர்களை விரட்டும். ஆல்பட்ராஸ் இறங்கி அலகைத் தட்டினால் வழக்கு புதிதாகத் தொடங்கும்.

கே: இறக்கையை அடிக்காமலே பறக்குமாமே?

ப: மணிக்கணக்கில். அலையை ஒட்டிக் காற்று மெதுவாக வீசும், மேலே வேகமாக வீசும். எதிர்க்காற்றில் ஏறி, காற்றோடு சரிந்து, அந்த வேக வித்தியாசத்தையே எரிபொருளாக்கிக் கொள்கிறது. விரித்த இறக்கையைத் தோளில் பூட்டிவைக்கத் தசைநார் இருப்பதால் கை வலிக்காது. காற்று நின்றால் பேசாமல் தண்ணீரில் உட்கார்ந்துவிடும்.

கே: எனக்குப் பஸ்ஸிலேயே குமட்டும். நான் போகலாமா? (கும்பகோணம் வாசகி)

ப: தாராளமாக. ஆனால் பறவை நன்றாகப் பறக்கும் நாளில் நீங்கள் படுத்திருப்பீர்கள். நீங்கள் நிமிர்ந்திருக்கும் நாளில் அது உட்கார்ந்திருக்கும். மாத்திரையைப் படகேறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். படகின் நடுப்பகுதியில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். பைனாகுலரில் நெடுநேரம் பார்க்கக் கூடாது. அதற்குத்தானே வந்தோம் என்று கேட்காதீர்கள்.

கே: கடலிலேயே கிடந்தால் தாகத்துக்கு என்ன செய்யும்?

ப: கடல்நீரையே குடிக்கும். கண்ணுக்கு மேலுள்ள சுரப்பி உப்பைப் பிரித்து மூக்கு வழியாக அனுப்பிவிடும். அலகு நுனியில் சொட்டுவதைப் பார்த்து ஜலதோஷம் என்று நினைத்து விக்ஸ் எடுக்க வேண்டாம்.

கே: எத்தனை வருஷம் வாழும்?

ப: மிட்வே தீவில் லேசான் ஆல்பட்ராஸ் ஒன்றுக்கு 1956இல் கால்வளையம் மாட்டினார்கள். விஸ்டம் என்று பெயர். 2024இலும் முட்டையிட்டது. வளையத்தைத்தான் அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது.