தேக்காவில் வளர்ந்த காது

1982இல் பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் கிதார் வாசித்துவந்த சரண்ஜித் சிங் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பத்து ராகங்கள், டிஸ்கோ தாளம், தபலா கிடையாது. ஜுப்பிட்டர் 8, டிஆர் 808, டிபி 303 என்று ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு பைரவையும் லலித்தையும் அவர் ஓடவிட்டார். தட்டு விலைபோகவில்லை. 2010இல் அதை மறுபதிப்புச் செய்தபோது ஐரோப்பா அசந்துபோனது. ஆசிட் ஹவுஸ் என்று சிகாகோ கொண்டாடும் அந்த வளைந்து நெளியும் ஒலி, அங்கே தட்டில் ஏறியது 1987இல்தான். ஐந்து ஆண்டு முன்பே அது பம்பாயில் பதிவாகியிருந்தது. அந்த 303ஐ சிங் வாங்கிய ஊர் சிங்கப்பூர்.

இதைப் படித்த நாளிலிருந்து, சிங்கப்பூரில் என் பள்ளிப் பருவத்துத் தேக்கா எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. அன்று ஊருக்குப் போகிற எல்லாருடைய பெட்டியிலும் ஒரு டூ-இன்-ஒன் இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் கடிதத்தில் நலம் விசாரித்த கையோடு நேஷனல் பானாசோனிக் என்று பெயர் குறித்தே கேட்பார்கள். பாட்டு அங்கேயிருந்து வரும், பாட்டுப் பெட்டி இங்கேயிருந்து போகும். இசையை உண்டாக்குகிற பெட்டிகளும் அதே கடைவீதிகளில்தான் இருந்தன. அவற்றை வாங்கி ராகம் வாசிக்க ஒருவர் பம்பாயிலிருந்து வர வேண்டியிருந்தது.

சிராங்கூன் சாலையின் அஞ்சடியில் கேசட் கடைகள் நெருக்கமாக இருந்த காலம் அது. பட்டியல் எழுதிக் கொடுத்தால் வெற்று நாடாவில் பதிந்து தருவார்கள். "அண்ணே, இதுல எத்தனை பாட்டு கொள்ளும்?" என்று கேட்டால், "அறுபது நிமிஷம் தம்பி, பன்னெண்டு பாட்டு. பதிமூணாவது பாதியில அறுந்துடும், பரவாயில்லையா?" என்பார் கடைக்காரர். நான் பரவாயில்லை என்றே சொல்வேன்.

ஆனால் காது பழகியது நாடாவில் இல்லை, தெருவில். ஒவ்வொரு கடையும் ஒலிபெருக்கியை நடைபாதையைப் பார்த்து வைத்திருக்கும். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனால் பாடகரின் குரல் பேருந்துச் சத்தத்தில் கரைந்துவிடும். பேஸ் கிதார் மட்டும் தரை வழியாக வந்து சேரும். இளையராஜா பாட்டின் அடியில் இன்னொரு பாட்டு ஓடுகிறது என்பதை நான் கண்டுகொண்டது அப்படித்தான். நாலு எட்டு வைத்தால் இந்தப் பாட்டு தேய்ந்து அடுத்த கடைப் பாட்டு மேலெழும். நடப்பவன் காலே ஒலிக்கலவை செய்துகொண்டிருந்தது.

பின்னாளில் ஜமைக்காவின் டப் இசை என் கைக்கு வந்தபோது அது அந்நியமாகவே படவில்லை. அதன் முன்னோடியான கிங் டப்பி நம் ஊர் மைக் செட்காரர் மாதிரி. வானொலிப் பெட்டி பழுதுபார்த்தவர், ஆம்பிளிஃபையரைத் தானே கட்டியவர், தெரு விருந்துகளுக்கு ஒலி அமைத்தவர். பதிவான ரெகே பாட்டிலிருந்து குரலை எடுத்துவிடுவார். முரசும் பேஸும் நிற்கும். பாடகரின் ஒரு சொல்லை மட்டும் எக்கோ கருவிக்குள் தள்ளிவிட்டு, அது சுழன்று சுழன்று தேயும்வரை காத்திருப்பார். சேர்ப்பதில் இல்லை, எடுப்பதில்தான் கலை என்பதை எழுபதுகளிலேயே செய்து காட்டியவர் அவர். கோயில் திருவிழா மேடையில் எக்கோ வைத்த மைக்கில் அறிவிப்புக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஒலி புதிதா என்ன?

இன்று அந்தக் கேசட் கடைகள் இல்லை. பழைய நாடாக்கள் குவிந்து கிடந்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. 1991இல் ஜியாக் கிம் தெருக் கிடங்குகளில் தொடங்கிய ஸூக் நடனக்கூடம் கிளார்க் கீக்கு இடம்பெயர்ந்துவிட்டது. உலகத்தின் எல்லா இசையும் கைப்பேசியில் இருக்கிறது. ரோச்சோர் நிலையத்தில் ரயில் ஏறினால் பெட்டி நிறையப் பாட்டுக் கேட்பவர்கள், ஒரு சத்தம் இல்லை. ஒருவர் கேட்பது அடுத்தவருக்குத் தெரியாது. வசதிதான். ஆனால் தேடாமலே காதில் விழுந்த பாட்டுகளால் வளர்ந்தவன் நான். அந்த வாய்ப்பு என் மகளுக்கு இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இப்போது தேடித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்ட அண்மை ஆண்டுகளின் வெளியீடுகளில் என்னை உலுக்கியது கானவ்யாவின் குரல். நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 2024இல் ஷபாகா ஹட்சிங்ஸ் தயாரிப்பில் வந்த அவருடைய தொகுப்பில் ஃபுளோட்டிங் பாயிண்ட்ஸ் போன்ற மின்னிசைக்காரர்கள் கூட இருக்கிறார்கள். ஆனாலும் கருவிகள் ஒதுங்கி நிற்கின்றன. தமிழ்க் குரலைச் சுற்றி இவ்வளவு வெற்றிடம் விட்டு நான் கேட்டதில்லை. நம் திரையிசை இப்போது ஒரு நொடியைக்கூடச் சும்மா விட அஞ்சுகிறது. பேஸை ஏற்றுகிறார்கள், அது நடமாட இடம் வைப்பதில்லை. எல்லாம் உரக்கக் கேட்கும்போது எதுவும் கேட்பதில்லை.

அதே 2024இல் அருஷி ஜெயின் வெளியிட்ட 'டிலைட்' பாகேஸ்ரீ ராகத்தை மாடுலர் சிந்தசைசரில் விரிக்கிறது. அழகுதான், ஆனால் எனக்குப் பாதிதான் சம்மதம். மினுமினுப்பு அதிகம், அடித்தளம் குறைவு. அதற்கு நேர்மாறானது பெர்லினின் மோரிட்ஸ் ஃபான் ஆஸ்வால்டு 2023இல் தந்த 'சைலென்சியோ'. தொண்ணூறுகளில் பேசிக் சேனல் வழியாக டெக்னோவுக்குள் டப்பைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் இவர். இதில் ஒரு பாடகர் குழுவின் குரல்களையும் இயந்திர ஒலியையும் பிரித்தறிய முடியாதபடி ஊறவைத்திருக்கிறார். இரவில், விளக்கணைத்து, நல்ல ஒலிபெருக்கியில் கேட்க வேண்டியது. ரயிலில் கேட்டால் பாதி காணாமல் போகும்.

லண்டனின் டப் குழுவான கிரியேஷன் ரெபெல் நாற்பதாண்டு இடைவெளிக்குப் பின் அதே 2023இல் 'ஹோஸ்டைல் என்விரான்மெண்ட்' தொகுப்போடு திரும்பியது. குடியேறிகளை நெருக்கிய பிரிட்டிஷ் கொள்கையின் பெயர் அது. கோபத்தைக் கத்தாமல், பேஸின் நிதானத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு மாலை ரேஸ்கோர்ஸ் சாலையில், ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கும் தொழிலாளர்களைக் கடந்து போகும்போது அந்தத் தொகுப்பு எனக்கு லண்டனைப் பற்றியதாக மட்டும் படுவதில்லை.

இன்னொன்று, கேட்டே ஆக வேண்டியது: 'தி என்ஐடி டேப்ஸ்'. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கல்லூரியில் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசர் நிலையம் ஒன்றை அமைத்துத் தந்தார். கீதா சாராபாய் உள்ளிட்டோர் அங்கே பதிந்தவை கிடங்கில் கிடந்து, 2023இல்தான் வெளிவந்தன. சிங்கின் தட்டுக்கு நேர்ந்ததேதான் இவற்றுக்கும் நேர்ந்திருக்கிறது.

சிங்கப்பூரிலும் நடக்காமலில்லை. ஃபாக்ஸ் என்ற இளைஞர் மலேசியாவில் தங்கி அங்குள்ள பழைய பாடல்களை வெட்டிக் கோத்து 2018இல் 'இக்லாஸ்' வெளியிட்டார். அன்போடு செய்த வேலை. அதே அன்போடு தேக்காவின் ஒலியை யாரும் இன்னும் தொடவில்லை. நம்மிடம் உறுமி இருக்கிறது. குச்சி தோலில் உரசி எழுப்பும் அந்த முனகலுக்கு ஈடான பேஸ் எந்தக் கருவியிலும் இல்லை. மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ.வாக, 'பேர்ட் ஃப்ளூ'வில் அதை உலகக் காதுக்குக் கொண்டுபோய் வெகுநாளாகிறது. இங்கே 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் நேரடி இசைக்குத் தடை இருந்தது. 2016இல்தான் வழியில் சில இடங்களில் வாசிக்க அனுமதி வந்தது. அந்தத் தடைக் காலத்தில்தான் கேசட் கடைகள் அலறிக்கொண்டிருந்தன. இன்று கேசட் அடங்கிவிட்டது, உறுமி திரும்பியிருக்கிறது.

உறுமி மேளக் குழுக்களில் இருபது வயதுப் பிள்ளைகள் அடிப்பதைப் பார்க்கிறேன். அவர்களில் பலரிடம் மடிக்கணினியும் ஒலிப்பதிவு மென்பொருளும் இருக்கின்றன. ஒரே ஒரு உறுமி, ஒரு நல்ல மைக், நீளமான எக்கோ. மேலே கீபோர்டு வேண்டாம், குரல்கூட வேண்டாம். முனகலை அடியில் ஓடவிட்டு, நடுவே ஒரு தவில் அடியை மட்டும் எறிந்து, அது தேயும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். அது தட்டாக வரட்டும். முதல் பிரதிக்குப் பணம் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.