ஈயம் எவ்வளவு?

போனை எடுத்தால் சௌக்கியம் விசாரிக்க மாட்டார். "தம்பி, ஈயம் 7 வந்திருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார். நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த ஆசாமியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. செகண்ட் ஹேண்டில் பிஎம்டபிள்யூ எம்3 வாங்கி, மீட்டர் 1 லட்சம் மைலைத் தாண்டிய அன்றிலிருந்து தூக்கம் தொலைத்தவர். பேட்டைக்கு ஒருவர் இருப்பார். எங்களுக்கு வாய்த்தவர் திருநெல்வேலிக்காரர். எல்லாருக்கும் அண்ணாச்சி.

வண்டி 2009 மாடல். 4 லிட்டர் வி8, 8,400 ஆர்பிஎம் வரை சீறும். அண்ணாச்சி லேசில் சீற விடமாட்டார். பயமெல்லாம் கனெக்டிங் ராட் பேரிங் மேல்தான். எட்டு ராடுக்கு 16 அரைவட்டத் தகடு. தகடுக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவே எண்ணெய் ஓட விட்டிருக்கும் சந்தில் தலைமுடி நுழையாது. ஒரு அங்குல விட்டத்துக்கு ஆயிரத்தில் ஓர் அங்குலம் சந்து வேண்டும் என்பது பழைய என்ஜின்காரர்கள் கணக்கு. இந்த என்ஜினில் அதைவிட இறுக்கம், ஊற்றுவதோ 10டபிள்யூ-60 என்கிற கெட்டி எண்ணெய், தேயாமல் என்ன செய்யும் என்பது ஒரு கட்சி. என்ஜின் சூடாகும் முன்னே முறுக்குகிறவன் காலில்தான் கோளாறு என்பது எதிர்க்கட்சி. அண்ணாச்சி இரண்டுக்கும் சந்தா கட்டியவர்.

பேரிங்கை முன்கூட்டியே மாற்றினால் 3,000 டாலர் போல ஆகும். மாற்றாமல் விட்டு, ராட் பிய்த்துக்கொண்டு பிளாக்கைப் பொத்தலாக்கினால் 20,000-க்கும் மேலே. கூட்டிக் கழித்துப் பார்க்க ஒரு காபி நேரம் போதும். அண்ணாச்சிக்குப் போதாது. அவர் எண்ணெயை டெஸ்டுக்கு அனுப்புவார்.

ஆயில் மாற்றும் நாளில் அவர் வீட்டு டிரைவ்வேயில் நான் டார்ச் பிடிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றியதும் கொட்டுகிற எண்ணெயைப் பிடிக்கக் கூடாது, அடியில் வடிவதையும் பிடிக்கக் கூடாது, நடுவாந்திரமாக வருவதைத்தான் சின்ன பாட்டிலில் பிடிக்கணும். மேலே மைல் எழுதி ஒட்டி, தபாலில் அனுப்பி, அப்புறம் ரிப்போர்ட் வரும்வரை நாங்கள் ஏதோ நிம்மதியாக இருப்போம். வந்ததும் அதை ஜாதகக் கட்டம் போல மடியில் விரித்துக்கொள்வார். ஈயம், செம்பு, தகரம், இரும்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிபிஎம் கணக்கு.

பேரிங் தகட்டின் மேல்பூச்சில் இருப்பது ஈயம். அது ஏறியிருந்தால், "தேயுது தம்பி." அது நியாயம். இறங்கியிருந்தால்? ரெண்டு நாள் சத்தமே இருக்காது. மூன்றாம் நாள் ராத்திரி போன் வரும். "ஈயம் எதுக்குக் குறையணும்? மேல்பூச்சு மொத்தமும் தேஞ்சு தீந்துட்டோ?" ஏறாமல் இறங்காமல் அதே 7 வந்தாலும் விடமாட்டார். "லேப்காரன் பழைய பேப்பரையே திருப்பி அனுப்பிட்டானோ?" ரிப்போர்ட் சுத்தமாக வந்த வண்டிகளையே திறந்து பார்த்தபோது, பூச்சுப் போய் செம்பு பல்லிளித்த கதைகளை எனக்குச் சொன்னவரே இவர்தான். அப்படியிருக்க எதற்கு இந்த டெஸ்ட் என்று கேட்டேன். "ஒரு தைரியத்துக்குத்தான்" என்றார்.

சரி, மாற்றிவிடுங்கள் என்றால் அதற்கும் தயார் பதில். "நல்லா ஓடுத என்ஜினு. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையாயிரக் கூடாதுல்லா?" என்ஜினை மேலே கட்டித் தொங்கவிட்டு, முன் சப்ஃப்ரேமை இறக்கி, ஆயில் பேனைக் கழற்றி, புது போல்ட் போட்டு, கோணம் அளந்து முறுக்குகிற வேலை அது. முறுக்குகிறவன் அன்றைக்குப் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால்? மெக்கானிக், பல் டாக்டர், பிரிட்ஜ்வாட்டர் கோயில் பட்டர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கருத்துக் கேட்டாயிற்று. பட்டர் மட்டும் சட்டென்று "மாத்திடுங்கோ" என்றார். அவர் ஓட்டுவது ஹோண்டா ஒடிசி.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எம்3-இல் மைல் ஏறக் கூடாது என்று கோயிலுக்கும் காஸ்ட்கோவுக்கும் ஏர்போர்ட்டுக்கும் என் கேம்ரியை வாங்கிக்கொண்டு போகிறாரே, அதுதான் பொறுக்கவில்லை. கேம்ரிக்கும் ராட் உண்டு, பேரிங் உண்டு. அதன் க்ஷேமத்தை ஒருநாளாவது விசாரித்திருப்பாரா? பெட்ரோல் போட்டுத் தந்ததும் கிடையாது. நியூஜெர்சியில் அதற்கு வண்டியைவிட்டு இறங்கக்கூட வேண்டாம், ஆளே வந்து போட்டுவிடுவான். கண்ணாடியை இறக்கக்கூட மனசில்லாதவரை என்ன சொல்ல?

ஆனால் ஒரு குளிர்காலக் காலையில் என்னை எம்3-இல் ஏற்றிக்கொண்டார். எண்ணெய் சூடாகச் சூடாக டாகோமீட்டர் ஓரத்து விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைவதை, பால் பொங்கக் காத்திருக்கும் வீட்டுக்காரியாட்டம் பார்த்துக்கொண்டே மெல்ல உருட்டினார். கடைசி விளக்கும் அணைந்தது. 287-இல் ஏறுகிற வளைவில் மிதித்தார் பாருங்கள், 8,000! காதெல்லாம் அந்தச் சத்தம். அண்ணாச்சி முகத்தில் இருபது வயசு குறைந்திருந்தது. அடுத்த நிமிஷமே காலை எடுத்துவிட்டார். "ஏதும் தட்டுத மாதிரி கேட்டுதா தம்பி?"

கடைசியில் மதினிதான் முடிவெடுத்தார். "ஒண்ணு அத மாத்துங்க, இல்லேன்னா பேச்ச மாத்துங்க." பேச்சை மாற்றுவது கஷ்டம் என்பதால் பேரிங் மாறியது.

நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ஜிப்லாக் பையை எடுத்தார். உள்ளே பழைய தகடுகள் 16. முதுகில் மார்க்கரால் '1 மேல்', '1 கீழ்' என்று எழுதியிருந்தது. மேல் பாதிகள் சிலவற்றில் சாம்பல் நிறம் விலகி, நடுவில் செம்பு இளஞ்சிவப்பாய்த் தெரிந்தது. சுண்டலோடு சுண்டலாகக் கைமாறின. நல்ல வேளை தப்பித்தீர்கள் என்றார் ஒருவர். இன்னும் 50,000 மைல் தாராளமாக ஓடியிருக்கும் என்றார் இன்னொருவர். அண்ணாச்சி முகம் முதலில் மலர்ந்து பிறகு வாடியது. '5 மேல்' தகட்டைத் தேடி எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"நகத்தால கீறிப் பாருங்க தம்பி. இது தேய்மானமா, வெறும் கறையா?"

கையைத் துடைத்துக்கொண்டு கீறிப் பார்த்தேன்.