கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை

பேஸ் வாசிக்கிறவரை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது இன்று நேற்று வந்த குறை இல்லை. 1930-களின் அமெரிக்க ஜாஸ் கோஷ்டிகளைப் பாருங்கள். ஆளுயர டபுள் பேஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர் பின்வரிசையில் நிற்பார். ஒரு பட்டாளமே பித்தளையை ஊதித் தள்ளும். ட்ரம்ஸ்காரர் ஜன்மப் பகையைத் தீர்த்துக்கொண்டிருப்பார். இவர் விரல் கொப்புளிக்கக் கொப்புளிக்கத் தந்தியை இழுப்பார். பக்கத்தில் நின்றவருக்குக் கேட்டிருந்தாலே பெரிய விஷயம்.

இந்த அநியாயத்தைப் பொறுக்காமல் கிளம்பியவர்களில் ஒருவர் நியூயார்க்கின் எவரெட் ஹல். அவரும் பேஸ்காரர்தான், வலி தெரிந்தவர். 1940-களில் அவர் செய்த காரியம் எளிமையானது, கொஞ்சம் கிறுக்குத்தனமானதும்கூட: டபுள் பேஸைத் தரையில் ஊன்றி நிறுத்தும் முளை இருக்கிறதே, அதற்குள் ஒரு மைக்கைச் செருகிவிட்டார். அதற்குத் தோதாக ஒரு ஆம்ப்ளிஃபயரையும் செய்தார். ஆம்பெக் என்ற கம்பெனி பிறந்தது அப்படித்தான். ஹல் கண்ணியமான மனிதர். ஒலி பளிங்குபோல் இருக்கவேண்டும், துளிக் கரகரப்பும் கூடாது என்பது அவர் கட்சி. ராக் அண்ட் ரோல் என்றால் அவருக்கு அறவே ஆகாது. கரகரப்பு விஷயத்தில் அவர் பிடித்த பிடிவாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரலாறு அவரைக் கேலி செய்யப்போகிறது.

அமெரிக்காவின் மறுகோடியில், கலிஃபோர்னியாவில், ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, கிட்டார் எப்படி இருக்கவேண்டும் என்பதில் அவருக்கு எந்த மூடநம்பிக்கையும் இல்லை. 1951-ல் பிரிசிஷன் பேஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். திண்ணமான மரக்கட்டை, நான்கு தந்தி, கிட்டார் மாதிரிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். வாத்தியத்தின் கழுத்தில் உலோகக் கட்டைகள் பதித்திருந்ததால் சுரம் பிசகாது. காரின் கூரையில் டபுள் பேஸைக் கட்டி ஊர் ஊராக அலைந்தவர்களுக்குப் பாதி நோய் தீர்ந்தது. மீதிப் பாதிக்கு 1952-ல் மருந்து வந்தது: பேஸ்மேன் ஆம்ப். 26 வாட், 15 அங்குலத்தில் ஒரு ஸ்பீக்கர். பெயரிலேயே ‘பேஸ்’ இருந்தது. இனி யாரும் பங்குக்கு வரமுடியாது என்று பேஸ்காரர்கள் நினைத்திருப்பார்கள், பாவம்.

அதையும் கிட்டார்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சில வருஷங்களில் பேஸ்மேன் நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர்களுக்கு மாறியது. திறந்த முதுகுள்ள அந்தப் பெட்டி பேஸுக்குச் சுமார்தான். கிட்டாரைச் சொருகிச் சத்தத்தைக் கூட்டினாலோ தேன் ஒழுகியது. லண்டனில் ட்ரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலிடம் பையன்கள் வந்து, ஃபெண்டர் மாதிரி வேண்டும், ஃபெண்டர் விலையில் வேண்டாம் என்று நச்சரித்தார்கள். 1962 வாக்கில் மார்ஷலுக்காகக் கென் பிரான், டட்லி கிரேவன் இருவரும் பேஸ்மேனின் சர்க்யூட்டை எடுத்து, உள்ளூரில் கிடைத்த பாகங்களைப் போட்டு ஒரு நகலைச் செய்தார்கள். ராக் கிட்டாரின் புகழ்பெற்ற உறுமல் இருக்கிறதே, அது பேஸ்காரர் வீட்டில் திருடிய பொருள்.

பழிவாங்கியவர் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில். கீத் மூனின் ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று பேஸ் வாசிப்பது ஓடும் ரயிலில் ஏறி நின்று ரகசியம் பேசுகிற வேலை. அவர் போய் மார்ஷலின் நான்கு ஸ்பீக்கர் பெட்டியை வாங்கிவந்தார். பீட் டவுன்ஷெண்டின் கிட்டார் அமுங்கிப்போயிற்று. அவரும் ஒன்று வாங்கினார். இவர் இன்னொன்று. அவர் இன்னும் பெரிசாக. மார்ஷல் 100 வாட்டுக்குப் போனது இந்தப் பங்காளிச் சண்டையின் நடுவில்தான். பிற்பாடு இருவருக்குமே காது மந்தமாகிவிட்டது. வென்றவர் யார் என்று கேட்டிருந்தாலும் அவர்கள் காதில் விழுந்திருக்காது.

இதற்கிடையில் ஆம்பெக்கில் ஜெஸ் ஆலிவர் 1960-ல் பி-15 என்ற பெட்டியை வடிவமைத்தார். வேலை முடிந்ததும் மேல்மூடியைத் திருப்பிப் போட்டால் ஆம்ப் தலைகீழாகப் பெட்டிக்குள் போய் அடங்கிவிடும். டெட்ராய்ட்டின் மோடவுன் கம்பெனிக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயரோடு சேர்த்தே இன்றும் இந்தப் பெட்டியின் பெருமையைப் பேசுகிறார்கள். வலதுகையில் ஒரே ஒரு விரலை வைத்துக்கொண்டு உலகத்தையே ஆட்டிவைத்த மனிதர் அவர். கிளப்புகளில் அந்தப் பெட்டி உழைத்தது வாஸ்தவம். மோடவுன் ஸ்டூடியோவில் நடந்தது வேறு. அங்கே கிட்டாரும் பேஸும் பெரும்பாலும் ஆம்ப் இல்லாமல் நேரே மிக்சருக்குப் போயின. அந்த ரிகார்டுகளைக் கேட்டு உருகி, கடன் வாங்கிப் பழைய பி-15 வாங்கியவர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். நெஞ்சு வெடித்துவிடும்.

லண்டன் இ.எம்.ஐ. ஸ்டூடியோவிலும் பேஸ் எடுபடாத தலைவலி. அமெரிக்க ரிகார்டுகளில் பேஸ் திம்மென்று விழுகிறது, நம்முடையதில் ஏன் இல்லை என்று பீட்டில்ஸ்காரர்கள் குடைந்தார்கள். 1966-ல் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பதிவின்போது ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் ஒரு பெரிய ஸ்பீக்கரைத் தலைகீழ் வேலைக்கு அமர்த்தினார். அதையே மைக்காக்கி பால் மெக்கார்ட்னியின் ஆம்ப் முன்னால் நிறுத்தினார். கேட்கிற காதைப் பேச வைப்பதற்குப் பதில் பேசுகிற வாயைக் கேட்க வைத்தார். அப்புறம் அதே ஸ்டூடியோவின் கென் டவுன்செண்ட் ஒரு சின்னப் பெட்டி செய்து பேஸை நேரடியாக மிக்சருக்குள் செலுத்தினார். ‘டைரக்ட் இன்ஜெக்‌ஷன்’ என்று அதற்குப் பெயர். அதைப் பார்த்த ஜான் லெனன் தன் குரலையும் அப்படியே நேராக ஏற்ற முடியுமா என்று கேட்டாராம். முடியும், அதற்கு முதலில் ஆபரேஷன் செய்து கழுத்தில் ஒரு சாக்கெட் வைக்கவேண்டும் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பதில் சொன்னதாகக் கதை. ஒருவேளை லெனன் யோசித்துக்கூடப் பார்த்திருப்பார்.

ஸ்டூடியோவில் ஆம்ப் தேவையில்லை என்று தெரிந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் மேடையில் அது பேய்போல் வளர ஆரம்பித்தது. காரணம் இயற்பியல். பேஸின் கனத்த தந்தி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு மனிதக் காது பாதி செவிடு. கிட்டாருக்கு ஈடாகக் கேட்கவேண்டுமானால் பல மடங்கு மின்சாரத்தைக் கொட்டவேண்டும். 1969-ல் ஆம்பெக் கொட்டியது: எஸ்.வி.டி. என்ற 300 வாட் ராட்சசன், உள்ளே 14 வால்வுகள், தலை மட்டும் ஏறக்குறைய 40 கிலோ. அந்த வருஷ அமெரிக்கப் பயணத்துக்கு ஒத்திகை பார்த்த ரோலிங் ஸ்டோன்ஸின் ஆம்ப்கள் புகைந்துபோக, ஆம்பெக் தன் முதல் மாதிரிகளை அனுப்பிவைத்தது. எஸ்.வி.டி.யின் எட்டு ஸ்பீக்கர் பெட்டிக்கு வாத்தியக்காரர்கள் வைத்த பெயர் ‘ஃப்ரிட்ஜ்’. தூக்கியவர்கள் வைத்த பெயர்களை இங்கே அச்சிட முடியாது.

இந்தப் பைத்தியத்தின் உச்சி 1974. கிரேட்ஃபுல் டெட் குழு ‘வால் ஆஃப் சவுண்ட்’ என்று ஏறக்குறைய 600 ஸ்பீக்கர்களை மதில் மாதிரி அடுக்கி அதன் முன்னால் நின்று வாசித்தது. அதில் பில் லெஷின் பேஸுக்கு ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனி ஸ்பீக்கர் வரிசை. நான்கு தந்திக்கு நான்கு சம்ஸ்தானம். கோட்டையைக் கட்டிப் பிரித்து லாரியில் ஏற்றியே குழு ஓய்ந்துபோயிற்று. அந்த அக்டோபரோடு கடையை மூடி நீண்ட ஓய்வுக்குப் போய்விட்டார்கள்.

அதற்குமேல் வளர இடமில்லை. தேய ஆரம்பித்தது. பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் எம்.ஐ.டி.யில் படித்து போலராய்டில் வேலை பார்த்தவர். 1982-ல் இடுப்பில் செருகிக்கொள்ளும் ராக்மேனைக் கொண்டுவந்து, ஹெட்ஃபோனிலேயே பெரிய ஆம்ப்பின் தோரணையைக் கேட்கவைத்தார். 1989-ல் நியூயார்க்கில் டெக் 21 கம்பெனியின் ஆண்ட்ரூ பார்ட்டா சான்ஸ்ஆம்ப் என்ற பெட்டியை விட்டார். அடுத்த சில வருஷங்களில் பேஸுக்கென்றே ஒன்று வந்தது: பேஸ் டிரைவர் டி.ஐ. காலடியில் கிடக்கும் ஒரு சின்ன இரும்புப் பெட்டி, அதாவது பெடல்; ஒன்பது வோல்ட் பேட்டரி. அதுவும் இல்லாவிட்டால் மிக்சர் அனுப்பும் 48 வோல்ட்டே போதும்.

இந்தப் பெட்டி செய்கிற வேலையைப் பார்த்தால் சிரிப்பு வரும். தந்தியிலிருந்து வரும் நோஞ்சான் சிக்னலைத் தூக்கி நிறுத்தி, அடிக்குரலையும் மேல்குரலையும் சரிசெய்வது ப்ரீஆம்ப் வேலை. அது நியாயம். அதற்கப்புறம், வால்வு திணறும்போது வருமே ஒரு கரகரப்பு, அதைச் செயற்கையாகப் பூசுகிறது. எவரெட் ஹல் காலமெல்லாம் கம்பெடுத்துத் துரத்திய அதே கரகரப்பு. கடைசியாக, பழைய ஸ்பீக்கர்களால் உச்ச ஒலிகளைத் தரமுடியாது அல்லவா, அந்த இயலாமையையும் நகல் எடுத்து மேல்பகுதியை வெட்டிவிடுகிறது. நாற்பது வருஷம் இன்ஜினியர்கள் ஒழிக்கப் பாடுபட்ட கோளாறுகளை எல்லாம் பொறுக்கிச் சேர்த்து, கூடவே பணமும் வாங்கிக்கொள்கிறார்கள். பேஸ் பெடலின் உண்மையான சாமர்த்தியம் ‘பிளெண்ட்’ என்ற குமிழில் இருக்கிறது. கரகரப்பை ஏற்ற ஏற்ற அடிக்குரல் மெலிந்துவிடும். சுத்தமான சிக்னலையும் பக்கத்திலேயே ஓடவிட்டுக் கலந்தால் பல்லும் இருக்கும், வயிறும் இருக்கும்.

தாடிவைத்தவர்களின் கூட்டம், அசல் வால்வு எங்கே, ஆம்ப் இல்லாத பேஸ் ஒரு பேஸா என்று குமுறியது. அதற்கு நேரடிப் பதில் சொன்னவர் ரஷ் குழுவின் கெடி லீ. 1990-களின் நடுவில் அவர் மேடை ஆம்ப்களைத் தூக்கிவிட்டு, சான்ஸ்ஆம்ப் முதலிய பெட்டிகள் வழியாக நேரே மிக்சருக்குப் போய்விட்டார். மேடையில் ஒரு பக்கம் அலெக்ஸ் லைஃப்சனின் கிட்டார் ஆம்ப்கள் கம்பீரமாக நிற்க, இவர் பக்கம் மொட்டையாகக் கிடந்தது. 1996 பயணத்தில் அங்கே ஒரு ஃப்ரிட்ஜைக் கொண்டுவந்து நிறுத்தினார். நிஜ ஃப்ரிட்ஜ், சாப்பாடு வைப்பது. 2002-ல் காசு போட்டு ஓட்டும் துணி உலர்த்தும் இயந்திரங்கள் மூன்று. கச்சேரி முடிவில் அவற்றிலிருந்து டி-ஷர்ட்களை எடுத்துக் கூட்டத்தில் வீசினார்கள். 2007-ல் கோழி வாட்டும் அடுப்புகள். சமையல்காரர் வேஷத்தில் ஒருவர் நடுக் கச்சேரியில் வந்து கோழிக்கு மசாலா தடவிவிட்டுப் போவார். பல்லாயிரம் பேர் பார்த்தார்கள், பேஸ் சத்தத்தில் குறை என்று யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆம்ப்பின் மகிமை பற்றிய ஆயிரம் பக்கத் தர்க்கம் ஒரு கோழியில் தோற்றது.

அப்புறம் வந்தவை வேகமாக வந்தன. 1998-ல் லைன் 6 கம்பெனி அவரைக்கொட்டை வடிவத்தில் பாட் என்று ஒன்றைச் செய்து, பல ஆம்ப்களைக் கணிப்பொறிக் கணக்காக உள்ளே அடைத்தது. 2009-ல் சிலியிலிருந்து போன டக்ளஸ் காஸ்ட்ரோ ஹெல்சிங்கியில் டார்க்கிளாஸைத் தொடங்கினார். மெட்டல் குழுக்களின் பேஸ் எல்லாம் ரம்பம் அறுக்கிற ஒலிக்கு மாறியதில் அவருடைய பெடல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்குப் பையன்கள் ஒரே பெடலில் 1960-களின் பி-15, 1969-ன் எஸ்.வி.டி., அது நின்ற அறையின் எதிரொலி என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, குமிழைத் திருகித் திருகி ராத்திரி முழுக்க ‘டோன்’ தேடுகிறார்கள்.

தேடிய டோனோடு கச்சேரிக்குப் போனால் அங்கே சவுண்ட் இன்ஜினியர் இருக்கிறார். அவருக்கு இந்தக் குமிழ்களின் மேல் சல்லிக்காசு நம்பிக்கை கிடையாது. அவருக்காகவே பல பெடல்களில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அமுக்கினால் அலங்காரம் எதுவும் ஏறாத வெறும் பேஸ் மிக்சருக்குப் போய்விடும். அவர் வந்து, குனிந்து, ஒரு புன்னகையோடு அதை அமுக்குவார். தயாள மனசுக்காரராக இருந்தால், பெடலின் இன்னொரு ஒயரை வாங்கி, அந்த டோனைப் பேஸ்காரரின் இயர்ஃபோனுக்கு மட்டும் தனியாக அனுப்பிவைப்பார். பேஸ்காரரும் கண்ணை மூடித் தலையாட்டி ரசித்து வாசிப்பார். கூட்டமும் கைதட்டும், கிட்டாருக்கு.