பாதை வரும், நில்லுங்க

யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்கு இடமாற்றக் கடிதம் வந்த அன்றே அம்மா எச்சரித்துவிட்டார். "கவனம் தம்பி. அங்க போற ஆக்களைப் பாயோட ஒட்ட வைச்சிடுவினம்."

யாழ்ப்பாணத்து அம்மாமார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வாக்கியம் இது. மட்டக்களப்பில் மந்திரம் உண்டு, போன பிள்ளை திரும்பாது என்பது பொழிப்புரை. மந்திரம் இருக்கிறதோ இல்லையோ, ஒட்டிப்போனவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பெரியப்பா ஒருவர் ஆறு மாத வேலைக்கென்று போய், அங்கேயே பேரப்பிள்ளையும் கண்டார்.

நான் ஒட்டிவிடுவேனோ என்று அம்மா பயந்தார். ஒட்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தது என் மோட்டார் சைக்கிள்.

வீட்டுச் சாமான்களோடு லொறியில் ஏறி அது முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் வந்தது. பெற்றோல் வடித்து, பற்றரி கழற்றி, நோயாளியைப் போல் படுத்து வந்தது. மட்டக்களப்பில், கல்லடி வீட்டில் இறக்கி, பற்றரியை நானே பூட்டி, சாவியைத் திருப்பினேன். மீற்றருக்குப் பக்கத்தில் இருக்கும் வழிகாட்டித் திரை எரிந்தது. திகதி: 1980 ஜனவரி 6. இடம்: சுன்னாகத்தில் எங்கள் ஒழுங்கை.

1980இல் நான் பிறக்கவே இல்லை. பிறகு தேடிப் பார்த்ததில் விளங்கியது: ஜிபிஎஸ் நேரத்தை எண்ணத் தொடங்கியதே அந்த நாளில்தானாம். வயதுபோன ஆட்கள் நினைவு தப்பினால் சின்ன வயதுக் கதைக்குப் போவதுபோல, இதுவும் தன் பிறந்தநாளுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

அலுவலகம் புளியந்தீவில். வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். பெயரை அடித்தேன். அது சுன்னாகத்திலிருந்து வழி போட்டது: ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா என்று அரை இலங்கையைச் சுற்றி. வேலைக்குப் பிந்திப் போனதற்கு இதையே காரணமாகக் காட்டலாமா என்றும் ஒருநாள் யோசித்தேன்.

2013இல் திறந்த புதிய கல்லடிப் பாலத்தில் நான் ஓடிக்கொண்டிருப்பேன். அம்புக்குறி சுன்னாகத்து வீட்டுப் படலையில் நிற்கும். பக்கத்தில் 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம். ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரைத் தாங்கியது. அந்த அம்மாவும் எங்கிருந்தோ வந்து இங்கே பெயரோடு ஒட்டிக்கொண்டவர்தான். பாலத்தடியில் மீன் பாடும் என்பார்கள். பாலத்துக்கு மேலே என் மோட்டார் சைக்கிள், வந்த வழியே திரும்பச் சொல்லி அழுதது.

விற்ற இடத்துக்கு அழைத்தேன். "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ" என்றார்கள். பண்ணினேன். 1980. புளூடூத்தை அழித்துப் போனை மறுபடி சேர்த்தேன். 1980. மென்பொருளைப் புதுப்பித்தேன். 1980தான்; ஆனால் எழுத்து வடிவாக இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன மனே, விடிஞ்சா இதோடதான் கதைச்சிக்கிட்டு இரிக்கீங்க?" விளக்கினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஊர் மாறின மாடும் இப்பிடித்தான், வந்த பக்கத்தயே பார்த்துக்கிட்டு நிக்கும். நாலு நாள் இந்தத் தண்ணியக் குடிச்சாச் சரிவரும்."

மோட்டார் சைக்கிளுக்குத் தண்ணீர் காட்ட வழியில்லாததால் கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் சீற்றைக் கழற்றி ஒரு பார்வைதான் பார்த்தார். "இந்தப் பெட்டிக்கு ரெண்டு வயர். ஒண்டு சாவி போட்டா உயிர் குடுக்கிறது. மற்றது சாவி எடுத்த பிறகும் ஞாபகத்த வச்சிரிக்கிறது. அந்த ஞாபக வயரப் பூட்டல்ல, நீங்க." அந்த 'நீங்க'வை அவர் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். வயரைப் பூட்டிவிட்டு, "இனி வானம் தெரியிற வெளியில, அசைக்காம, கால் மணித்தியாலம் விடுங்க" என்றார்.

காரணம் இருக்கிறது. ஜிபிஎஸ் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. எந்தச் செய்மதி எங்கே நிற்கும் என்ற முழுப் பஞ்சாங்கத்தையும் வினாடிக்கு 50 பிற் வேகத்தில் ஓதுகின்றன. ஓதி முடிக்க 12.5 நிமிடம். காணி உறுதிக்கு இரண்டு சாட்சி போதும்; ஜிபிஎஸ்ஸுக்கு, நீ நிற்பது இந்த இடம்தான் என்று சொல்ல நான்கு செய்மதி வேண்டும். நான் நிறுத்திவைத்ததோ தகரக் கூரையின் கீழ். ஓடியதோ ஐந்து நிமிடம். பாவம், அது பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தைப் புரட்டும்போதே ஒவ்வொரு முறையும் சாவியைப் பிடுங்கியிருக்கிறேன். வயரும் இல்லாததால் அந்த முதல் பக்கமும் மறந்துபோனது.

எல்லாம் விளங்கியது. ஆனாலும் கால் மணித்தியாலம் சும்மா நிற்பதாவது! நான் சுன்னாகத்து ஆள். நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அலுவலக நண்பர் மண்டூருக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். திரையை நம்பாமல் வாயை நம்பிப் புறப்பட்டேன். இந்த ஊரின் வழிகாட்டிக்குப் பற்றரி தேவையில்லை. 56 கிலோமீற்றர் நீள வாவியைச் சூரியனை வைத்தே பிரித்திருக்கிறார்கள்: அது எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. களுவாஞ்சிக்குடியில் ஓட்டோக்காரர் ஒருவரிடம், "மண்டூருக்குப் பாதை எங்க?" என்று கேட்டேன்.

"குருமண்வெளித் துறையடியில. அந்தா, அதால கிறுகுங்க."

கிறுகினேன். வீதி முடிந்தது. முன்னால் தண்ணீர். கரையில் இருந்த பெரியவரிடம் மறுபடி கேட்டேன், "ஐயா, பாதை?"

"பாதை அக்கரையில நிக்கிது மனே. இப்ப வரும், நில்லுங்க."

பாதை வருமா? இத்தனை வயதுக்கும் நான்தான் பாதையைத் தேடிப் போயிருக்கிறேன். பாதை என்னைத் தேடி வந்ததில்லை. பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கரை கடத்தும் மிதவை. காரைநகர், ஊர்காவற்றுறை ஆட்களுக்குப் பழகிய சொல்தான்; நான் கிணற்றைத் தவிர வேறு நீர்நிலை அறியாத செம்மண்காரன்.

வேறு வழியில்லாமல் நின்றேன். சாவி போட்டபடியே கிடந்தது. தலைக்கு மேலே தென்னோலைகூட இல்லாத வெட்டவெளி. பெரியவர் என் ஊர், பெயர், கலியாணம், பிள்ளைகள் எல்லாவற்றையும் விசாரித்து முடிக்க, அக்கரையிலிருந்து பாதை மெல்ல அசைந்து வந்து சேர, திரையைத் தற்செயலாகப் பார்த்தேன். திகதி சரி. நேரம் சரி. அம்புக்குறி சுன்னாகத்தை விட்டுவிட்டுக் குருமண்வெளித் துறையில் நின்றது.

நடு வாவியில் அது மறுபடி பதறியது. நீல நிறத்தின் நடுவே தனியாக நின்றுகொண்டு, "பாதைக்குத் திரும்பவும்" என்றது.

"பாதையிலதானே நிக்கிறன்" என்றேன்.

பாதைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்ன, பட்டிருப்புப் பாலத்தால சுத்தி வரச் சொல்லுதா?"

மண்டூரில் வாவி இறால், நண்டு, கடைசியில் எருமைத் தயிர். சாப்பாடு முடியத் திண்ணையில் காற்றுப்படும் இடமாகப் பார்த்து ஒரு புற்பாய் விரித்தார்கள். "கொஞ்சம் சரிஞ்செழும்புங்க" என்றார் நண்பரின் அம்மா. சரிந்தேன். முற்றத்து வெயிலில் மோட்டார் சைக்கிள் நின்றது. சாவி என் சட்டைப்பையில் இருந்தாலும் இனி அதற்கு ஊர் மறக்காது.

போன் அடித்தது. அம்மா.

"எங்க தம்பி நிக்கிறாய்?"

"படுவான்கரையில அம்மா."

"நேரம் போட்டுது, எழும்பி வெளிக்கிடு."

எழும்பப் பார்த்தேன். அம்மா சொன்னது பொய்யில்லை. பாய் விடவில்லை.