மருமகனுக்கு மாமன் சொல்லுத பேங்குக் கணக்கு

பேங்குல போட்ட பணம் பெட்டிக்குள்ள பத்திரமா தூங்குதுன்னுதானே மருமகனே நினைச்சுக்கிட்டிருக்கீரு? நல்லா நினைச்சீரு. நீரு வாசப்படி இறங்கி செருப்பை மாட்டுறதுக்குள்ள அது எவன் கைக்கோ போயிரும். குண்டு செய்யிறவனுக்குப் போச்சா, ஆத்துல சாயத்தண்ணி விடுறவனுக்குப் போச்சான்னு எந்த மேனேஜரும் உமக்குச் சொன்னதில்லை. நீரும் கேட்டதில்லை. வட்டி கால் சதவீதம் குறைஞ்சாத்தான் உமக்கு ரோசம் வரும்.

இப்போ ஜெர்மனியில, போஹும் ஊர்ல உத்தியோகம். கூட வேலை பாக்கவன் பேச்சைக் கேட்டு ஜி.எல்.எஸ் பேங்குல கணக்குத் தொடங்கிட்டு, ராத்திரி போன் போட்டு எங்கிட்ட ஒப்பாரி வைக்கீரு: "மாமா, என் பணத்தை வச்சுக்கிட்டு எங்கிட்டயே மாசம் அஞ்சு யூரோ பிடிக்கான்." ஆமா, பிடிக்கான். வருசத்துக்கு 60 யூரோ, 2017-லேருந்து இருக்கு. பேரு வச்சு, காரணம் சொல்லிப் பிடிக்கான். காரணம் சொல்லாமப் பிடிக்கவன்கிட்ட இத்தனை வருசம் சிரிச்சுக்கிட்டுக் குடுத்தீரே, அப்போ எனக்கு ஒரு போன் கூட வரலையே?

கூட்டுறவுக் கடன் சங்கத்துல செயலாளரா இருந்து பேரேட்டோட மல்லுக்கட்டினவன் நான். அந்தப் பேங்கோட கதை எனக்குத் தெரியும், கேளும்.

வில்ஹெல்ம் எர்ன்ஸ்ட் பார்க்கோஃப்னு போஹும் ஊர்ல ஒரு வக்கீல். 1950-கள்ல சில பெத்தவங்க அவர்கிட்ட வந்து, எங்க பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டணும், எந்த பேங்கும் கடன் தரமாட்டேங்கான்னு கையைப் பிசைஞ்சாங்க. உம்ம மாதிரி ஆளா இருந்தா மனு எழுதிக் குடுத்து ஃபீஸ் வாங்கியிருப்பாரு. அவரு வேற வழி பண்ணினாரு. பள்ளிக்கூடத்துக்குத்தானே கடன் கிடைக்கலை? பெத்தவங்க ஆளுக்குக் கொஞ்சமா தங்க பேர்ல கடன் வாங்கி, அதைப் பள்ளிக்கூடத்துக்கு நன்கொடையாக் குடுத்துட்டு, மாசாமாசம் தவணை கட்டினா என்ன? கட்டடத்துக்கு வேண்டிய மொத்தப் பணமும் முதல்லயே கையில வந்துருச்சு. அதே மாதிரிதான் ஜாமீனும். பெரிய தொகைக்கு ஒத்தை ஆளு கையெழுத்துப் போட்டா அவன் பொண்டாட்டி தூங்கமாட்டா. அதையே நூறு பேருக்குப் பிரிச்சு, ஆளுக்குச் சின்னத் தொகைன்னு வச்சா, கவுந்தாலும் எவன் வீடும் ஏலத்துக்குப் போகாது. இந்த வித்தையெல்லாம் பழகிட்டுத்தான் 1974-ல பேங்கே தொடங்கினாங்க. ஜி.எல்.எஸ்-ங்கிற பேருலயே கடனும் இருக்கு, கொடையும் இருக்கு.

கணக்குத் தொடங்கும்போது உம்ம பணம் எந்தத் துறைக்குப் போகணும்னு கேட்டிருப்பானே? காத்தாலை, இயற்கை விவசாயம், குடியிருப்பு, பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்புன்னு. நீரு படிக்காமயே ஏதோ ஒரு கட்டத்துல டிக் அடிச்சிருப்பீரு, உம்மை எனக்குத் தெரியாதா? அணுஉலை, நிலக்கரி, ஆயுதம் இதுக்கெல்லாம் அங்கன கடன் கிடையாது. இன்னொண்ணும் உண்டு. எந்தத் தொழிலுக்கு, எந்த அமைப்புக்கு, எவ்வளவு கடன் குடுத்தோம்னு பேரோட வெளியிடுதான். நம்மூர்ல கடன்காரன் பேரு பேப்பர்ல வரணும்னா நகை ஏலத்துக்கு வரணும். அங்கன கடன் வாங்கினாலே வந்துருது!

அந்தப் பேங்கு என்ன சாதிச்சுதுன்னு கேப்பீரு. ஷோனாவ்னு ஒரு ஊரு, கருங்காட்டு மலைக்குள்ள, 2,500 பேரு இருந்தா அதிகம். 1986-ல செர்னோபில் அணுஉலை வெடிச்சதும் அந்த ஊர்த் தாய்தகப்பன்மாருக்கு வயித்தைக் கலக்கிருச்சு. மைக்கேல் ஸ்லாடெக்னு ஒரு டாக்டர், அவரு சம்சாரம் உர்சுலா. இவங்க முன்ன நின்னு, முதல்ல மின்சாரத்தை மிச்சம் பிடிப்போம்னாங்க. கரண்டு கம்பெனி ஒத்துழைக்கலை. அப்போ கம்பியும் கம்பமும் எங்களுக்கே வேணும்னு கிளம்பிட்டாங்க. 1991-லயும் 1996-லயும் ரெண்டு தடவை ஊர் வாக்கெடுப்பு, ரெண்டுலயும் ஜெயிச்சாங்க. தோத்த கம்பெனி சும்மா இருக்குமா? 87 லட்சம் மார்க் குடுத்தாத் தாரேன்னு விலையைத் தூக்கி வச்சுச்சு. கம்பியை வாங்க ஜி.எல்.எஸ் ஷோனாவுக்குன்னே ஒரு நிதி தொடங்கி ஜனங்க முதலீட்டைத் திரட்டித் தந்துச்சு. பாக்கிக்கு "அணுஉலைக் கோளாறு நான்தான்"னு ஆளாளுக்குப் படம் எடுத்து விளம்பரம் போட்டு நாடு முழுக்க நன்கொடை வசூலிச்சாங்க. 1997 ஜூலை 1-ஆம் தேதி மின்கம்பி ஊர்க்காரன் கைக்கு வந்துச்சு. ஊர்க்காரங்களோட கரண்டு கம்பெனி இன்னைக்கும் நடக்கு.

இதைக் கேட்டதும் உமக்குக் கண்ணுல தண்ணி வந்திருக்கும். துடைச்சுக்கிடும். நல்ல மனசு இருந்தா பேங்கு நடத்திரலாம்னு நினைச்சவங்களும் அதே நாட்டுல உண்டு. ஃபிராங்க்ஃபர்ட்ல 1988-ல ஓக்கோபேங்க்னு ஒண்ணு தொடங்குச்சு. கொள்கை சுத்தம், ஆனா குடுத்த கடன் திரும்பலை. கடைசியில 2003-ல அதோட வரவு செலவெல்லாம் ஜி.எல்.எஸ் பேங்குக்கே வந்து சேந்துச்சு. காத்தாலைக்காரன் நல்லவனாங்கிறது ஒரு கேள்வி, காத்து அடிக்குமாங்கிறது இன்னொரு கேள்வி. ரெண்டையும் கேக்கத் தெரியாதவன் கடன் விண்ணப்பத்தைத் தொடக்கூடாது வே.

என்ன, வெள்ளைக்காரன் புத்தி வெள்ளைக்காரன் புத்திதான்னு வாயைப் பொளக்கீரா? 1890-கள்ல மதராஸ் சர்க்கார் ஃபிரெடெரிக் நிக்கல்சன்னு ஒரு அதிகாரியை அனுப்பி, ஜெர்மனியில ராய்ஃபைசன் தொடங்கின கிராமக் கடன் சங்கம் எப்படி நடக்குன்னு ஆராயச் சொல்லுச்சு. அவரு 1895-லயும் 1897-லயும் அறிக்கை குடுத்தாரு. 1904-ல சட்டம் வந்துச்சு. திருவள்ளூர் பக்கம் திரூர்ல அந்த வருசமே விவசாயக் கடன் சங்கம் முளைச்சுது. இந்த மாதிரிச் சங்கத்துல பேரு எழுதின நம்ம ஆளுக்குக் கடனைத் தள்ளுபடி பண்ணுற தேதி தெரியும். பேரவைக் கூட்டம் நடக்கிற தேதி தெரியாது. கூட்டத்துக்கு வந்தவனும் வடை காலியானதும் கிளம்பிருவான். தீர்மானத்தை எழுதி முடிச்சுட்டுக் கையெழுத்துக்கு அலைஞ்சது நான்தான்.

அதனால மருமகனே, புலம்புறதை விட்டுட்டு பங்கு வாங்கி உறுப்பினராச் சேரும். நூறு பங்கு வச்சிருக்கவனுக்கும் அங்கன ஒரு ஓட்டுதான், உமக்கும் ஒரு ஓட்டுதான். பொதுக்குழுவுக்கு லீவு போட்டுப் போவும். கடன் பட்டியலைக் கையோட எடுத்துக்கிட்டுப் போயி, பிடிக்காத கடன் ஒண்ணு இருந்தா எந்திரிச்சு நின்னு ஏன்னு கேளும். ஜெர்மன் தடுமாறினாலும் பரவாயில்லை, கேளும்.